இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுப்பது: மரபணுவா, எறும்பா, நரம்பா, கட்டங்களா?

கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு மூன்றாம் வருடம் முடிகிற நேரத்தில் ஆய்வுத் தலைப்பைத் தெரிவு செய்யச் சொல்லிவிடுவார்கள். என் சித்தப்பா மகள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போய்ப் படிக்கிற பிள்ளை. உயிரினங்களைப் பார்த்து உருவான கணிப்பு முறைகளில் அவளுக்கு முதல் வருடத்திலிருந்தே ஆசை. "அண்ணா, நாலு யோசனை வைத்திருக்கிறேன், எதில் போவது?" என்று கேட்டாள். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பதுளையிலும் இதே கேள்வியோடு இன்னும் பல தம்பி தங்கைகள் இருப்பார்கள் என்பதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய நாலு யோசனைகள் இவை. மரபணு அல்கோரிதத்தை வைத்துத் தோட்டப் பாடசாலைக்கு நேரசூசி போடுவது. எறும்புக் கூட்ட முறையில் கொழுந்து லொறிக்குப் பாதை கண்டுபிடிப்பது. நரம்பு வலையமைப்பிடம் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகுகிற கணினி மாதிரி) தேயிலை இலையின் படத்தைக் கொடுத்து நோயைக் கேட்பது. கடைசியாக, ஒரு தேயிலை மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நோய் பரவுவதைக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது. நாலும் உயிரியலிலிருந்து கிளைத்தவைதான். கேட்கிற உழைப்பும் தருகிற பதிலும் மட்டும் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசப்படும்.

ஒப்பிடுவதற்கு நான் முதலில் வைக்கிற கேள்வி ஒன்று: வேலை முடிந்த பிறகு உங்கள் முடிவு சரியா பிழையா என்று எதோடு வைத்துப் பார்ப்பீர்கள்? இதற்குப் பதில் இல்லாத தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மற்றவை எல்லாம் அதற்கு அப்புறம். மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வருகிற லயத்து வீட்டில், ஒரு சாதாரண லப்டொப்பில் ஓடுமா? டேட்டாவுக்கு எவ்வளவு போகும்? தேவையான தரவை நம் ஊரிலேயே எடுக்க முடியுமா?

நாலுக்குள் போகுமுன் ஐந்தாவதாக ஒரு வகையை விலக்கிவிடலாம். இணையத்தில் தேடினால் சாம்பல் ஓநாய், திமிங்கிலம், வௌவால், மின்மினி, குயில் என்று பிராணிக்கு ஒன்றாக அல்கோரிதங்கள் கிடைக்கும். இறுதியாண்டு மாணவர்களுக்கு இவை பெரிய ஈர்ப்பு. பெயர் புதிது, நிரல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, ஒரு வரைபும் வந்துவிடும். கென்னத் சோரன்சன் என்ற ஆய்வாளர் 2015 இல் வெளியான கட்டுரையில் இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்தார். புதுப் பிராணியின் கதையை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே பழைய முறைதான் வேறு சொற்களில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். வாத்தியக்காரர்கள் சுருதி சேர்ப்பதை முன்மாதிரியாகக் கொண்ட 'ஹார்மனி சர்ச்' என்ற முறை, 1960களில் ஜெர்மனியில் உருவான பரிணாம உத்திகளின் ஒரு தனி வடிவமே என்று 2010 இல் இன்னோர் ஆய்வு காட்டியது. வோல்பர்ட்டும் மக்ரெடியும் 1997 இல் நிறுவிய தேற்றம் ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சாத்தியமான எல்லாப் பிரச்சினைகளுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால், எந்தத் தேடல் முறையும் இன்னொன்றைவிட மேலானதல்ல. ஆகவே பிரச்சினையைச் சொல்லாமல் "என் அல்கோரிதம் சிறந்தது" என்று சொல்வதில் பொருளே கிடையாது. பிராணியைத் தெரிவு செய்வதைப் பிறகு பார்க்கலாம், முதலில் பிரச்சினையைத் தெரிவு செய்யுங்கள்.

மரபணு அல்கோரிதமும் நேரசூசியும்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஹொலண்ட் 1975 இல் வெளியிட்ட நூலிலிருந்து இந்த முறை பரவலாக அறியப்பட்டது. உயர்தரத்தில் உயிரியல் படித்த நண்பர்களிடம் கேட்டால்கூட அடிப்படை புரிந்துவிடும். பல தீர்வுகளை ஒரு குடித்தொகையாக வைத்துக்கொள்கிறோம். நல்லவற்றைத் தெரிந்தெடுக்கிறோம். இரண்டுக்கிடையே குறுக்குப்பரிமாற்றம் செய்து புதிய தீர்வு உண்டாக்குகிறோம், இடையிடையே கொஞ்சம் விகாரம் சேர்க்கிறோம். தலைமுறைகள் போகப் போகத் தீர்வு மேம்படுகிறது. வகுப்பறைக்கு வெளியேயும் இது சாதித்திருக்கிறது. 2006 இல் நாசா ஏவிய எஸ்.டி.5 என்ற சிறிய செய்மதிகளில் இருந்த அன்டெனா இப்படிப் பரிணாமத்தால் வடிவம் பெற்றது. கோணல்மாணலாக வளைந்த சில கம்பிகள்தான். கையால் வரைகிற ஒருவருக்கு எளிதில் தோன்றாத வடிவம்.

நேரசூசி நல்ல பிரச்சினை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலையில் ஒரே ஆசிரியரை எத்தனை வகுப்புக்குப் பிரித்துக் கொடுப்பது என்பது பிரதி அதிபருக்கு ஒவ்வொரு தவணையும் வருகிற தலைவலி. இந்தப் பிரச்சினையின் பொதுவடிவம் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது என்று 1970களிலேயே நிறுவியிருக்கிறார்கள். அதாவது எல்லா நிலைமைகளிலும் விரைவாகச் சரியான விடை தரும் வழி எதுவும் இதுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. சரிபார்ப்பதும் எளிது. ஒரே நேரத்தில் ஒரே ஆசிரியருக்கு இரண்டு வகுப்பு விழுந்திருக்கிறதா என்று எண்ணலாம், பிரதி அதிபர் கையால் போட்ட நேரசூசியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லப்டொப் போதும், டேட்டா தேவையில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. மரபணு அல்கோரிதத்தில் பிழை இருந்தாலும் அது ஓடும். குறுக்குப்பரிமாற்றம் செய்கிற வரியில் தவறு செய்து, அந்தப் பகுதி ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும், தெரிவும் விகாரமும் சேர்ந்து வரைபின் கோட்டை மேலே கொண்டுபோய்விடும். வரைபு ஏறுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம். இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி, அதே எண்ணிக்கையான மதிப்பீடுகளை எழுந்தமானத் தேடலுக்கும், ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் சோதித்து நல்லதை மட்டும் வைத்துக்கொள்கிற எளிய தேடலுக்கும் கொடுத்து ஒப்பிடுவது. அதையும் ஒரு தடவை ஓட்டி முடிவு சொல்லக் கூடாது. வேறு வேறு எழுந்தமான தொடக்கங்களில் முப்பது தடவையாவது ஓட்டி, பரவலோடு காட்டவேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, பன்னிரண்டு வகுப்புள்ள சின்னப் பாடசாலைக்கு இலவசமாகக் கிடைக்கிற கட்டுப்பாட்டுத் தீர்ப்பான் (நிபந்தனைகளைக் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் விடையைத் தேடும் மென்பொருள்) ஒன்றே சில நொடிகளில் விடை தந்துவிடக்கூடும். அப்படி வந்தால் மனம் உடையத் தேவையில்லை, அதையும் முடிவாக எழுதலாம். ஆனால் அந்த வாய்ப்பைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

எறும்பும் கொழுந்து லொறியும்

எறும்பு முறையின் பின்னால் இருக்கிற பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பிரசல்ஸில் டெனூபூர்க்கும் கூட்டாளிகளும் ஆர்ஜெண்டீன எறும்புகளின் கூட்டுக்கும் உணவுக்கும் இடையே இரண்டு கிளையுள்ள பாலம் வைத்தார்கள். ஒரு கிளை நீளம், மற்றது குட்டை. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் பெரும்பகுதி குட்டையான வழிக்கு மாறிவிட்டது. எந்த எறும்பும் இரண்டையும் அளந்து பார்க்கவில்லை. குட்டை வழியில் போனவை சீக்கிரம் திரும்பின, அந்த வழியில் அவை விட்டுச் செல்கிற பெரமோன் என்ற வாசனைப் பொருள் முதலில் சேர்ந்தது, சேர்ந்த வாசனை இன்னும் பலரை இழுத்தது. இரண்டு கிளையும் சம நீளம் என்றால் என்ன நடக்கும்? அப்போதும் எறும்புகள் பாதி பாதியாகப் பிரிவதில்லை. தற்செயலாக ஏதோ ஒரு கிளை முந்த, பெரும்பாலானவை அதிலேயே போகின்றன. தனி எறும்புக்குத் தெரியாத ஒன்றைக் கூட்டம் தீர்மானிக்கிறது. மார்கோ டொரிகோ 1992 இல் மிலானில் முனைவர் பட்டத்துக்கு இதை அல்கோரிதமாக்கினார். பெரமோன் ஆவியாகிப்போவதையும் அதில் சேர்த்தார், பழைய மோசமான வழிகள் மறக்கப்படுவதற்கு அது அவசியம்.

சரி, கொழுந்து லொறிக்கு வருவோம். பத்து மடுவங்களை (கொழுந்து நிறுக்கும் கொட்டகைகள்) சுற்றித் தொழிற்சாலைக்குத் திரும்பவேண்டும் என்று வைப்போம். தொழிற்சாலையையும் சேர்த்துப் பதினொரு இடம். வேறு வேறான சுற்றுகள் 18,14,400. லப்டொப் எல்லாவற்றையும் சோதித்துச் சரியான விடையைச் சற்று நேரத்தில் சொல்லிவிடும், எறும்பு தேவையே இல்லை. இடங்கள் இருபதானால் சுற்றுகள் ஏறக்குறைய 608 கோடி கோடி. ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சோதிக்காமலே மிகச் சரியான விடையைக் காணும் நுட்பங்கள் வளர்ந்துவிட்டன. எல்லா இடத்தையும் சுற்றித் திரும்ப மிகக் குறுகிய வழியைக் கேட்கிற இந்த வகைக்குப் பயண விற்பனையாளர் பிரச்சினை என்று பெயர், 85,900 புள்ளிகள் உள்ள ஒன்றுக்கே 2006 இல் உச்சத் தீர்வு கண்டுவிட்டார்கள். இருபது மடுவத்துக்கு எறும்பைக் கூப்பிட்டால் பரீட்சகர் இதைத்தான் கேட்பார்.

தோட்டத்துப் பாதையை நடந்து பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அங்கே சந்திகள் குறைவு. பெரும்பாலும் ஒரு பாதை மேலே ஏறும், அதிலிருந்து கிளை பிரிந்து ஒரு மலையில் போய் முடியும். தெரிவு செய்ய வழிகளே அதிகம் இல்லாத இடத்தில் வழி தேடும் அல்கோரிதம் எதற்கு? அங்கே உள்ள உண்மையான கேள்வி நேரம்தான். எந்த மடுவத்தில் எத்தனை மணிக்குக் கொழுந்து நிறுப்பது, எவ்வளவு நேரம் சாக்கில் கிடந்து சூடாகிறது, தொழிற்சாலையில் வாட்டும் தட்டு எப்போது காலியாகும். அதை வரிசை அட்டவணைப் பிரச்சினையாக எடுப்பது சரி.

எறும்பு முறையை விடவே மனமில்லை என்றால் நான் காட்டுகிற இடம் வேறு. நிலைமை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறுகிற பிரச்சினைகளில்தான் அது தன் பலத்தைக் காட்டும். 1998 இல் டி காரோவும் டொரிகோவும் 'ஆன்ட்நெட்' என்ற பெயரில் கணினி வலையமைப்பில் போகும் தரவுப் பொதிகளை வழிநடத்த அதைப் பயன்படுத்தினார்கள். மலைச்சரிவுகளில் மழைமானிகளை வைத்து வானொலி அலையால் தகவலைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவியின் பற்றரி தீரும், இன்னொன்று கடும் மழையில் விழுந்துவிடும். அங்கே பாதையை ஓயாமல் புதுப்பிக்கிற முறைக்கு வேலை உண்டு. முதலில் போலி வலையமைப்பில் ஓட்டிப் பார்த்து, வழக்கமான குறுகிய பாதை முறைகளோடு ஒப்பிடலாம்.

நரம்பு வலையமைப்பும் இலைப் படமும்

வேலை வாய்ப்பை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம், அதை மறைப்பதில் பயனில்லை. கொழும்பில் நேர்முகத்துக்குப் போகிறவரிடம் ஆழ்கற்றல் (பல அடுக்கு நரம்பு வலையமைப்பு) தெரியுமா என்றுதான் கேட்பார்கள். 1943 இல் மக்கலொக்கும் பிட்ஸும் எழுதிய நரம்புக்கல மாதிரியிலிருந்து, 2024 இல் ஹொப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் கிடைத்த பௌதிகவியல் நோபல் பரிசு வரை நீளமான வரலாறும் இருக்கிறது.

ஆனால் இலை நோய்ப் படங்களில் எல்லோரும் காட்டுகிற 99 வீதத்தை நம்பி இறங்கவேண்டாம். 'பிளான்ட்வில்லேஜ்' என்ற பிரபலமான தொகுப்பில் 54,306 படங்கள் உண்டு, 14 பயிர்கள். தேயிலை அதில் இல்லை. 2016 இல் அதை வைத்துச் செய்த ஆய்வு, ஒதுக்கி வைத்த சோதனைப் படங்களில் 99.35 வீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே வலையமைப்பு 31.4 வீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த ஆய்வாளர்களே அதை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்றிச் செய்கிற பல மாணவர் ஆய்வுகளில் முதல் எண் மட்டும்தான் மிஞ்சுகிறது. மூடுபனியில், ஈரமான கையால், பழைய போனில் எடுத்த படம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இதை எடுப்பவர் ஒரு தோட்டத்துப் படங்களில் பயிற்றி, முற்றிலும் வேறொரு தோட்டத்துப் படங்களில் சோதிக்கவேண்டும். ஒவ்வொரு படத்தையும் நோய் தெரிந்த ஒருவர் பார்த்துப் பெயர் குறிக்கவேண்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில் இருப்பது இதில் பெரிய வசதி, மேற்பார்வையாளர் மூலம் முறையாகக் கேட்டுப் பார்க்கலாம். கணிப்புக்கு, இணையம் வழியாகக் கணினி வசதி தருகிற கூகுள் கொலாப் இலவசமாகக் கிடைக்கும், நேரக் கட்டுப்பாட்டோடு. ஆயிரக்கணக்கான படங்களை மேலேற்றுகிற டேட்டாச் செலவையும் கணக்கில் வைக்கவேண்டும். என் தயக்கம் இன்னொன்றில் இருக்கிறது. உயிரினங்கள் எப்படிக் கணிக்கின்றன என்ற வியப்பில் இந்தத் துறைக்கு வந்த ஒருவருக்கு, படங்களை அடைவுகளில் பிரித்துப் போடுவதும் தயாராக உள்ள மாதிரியை மீளப் பயிற்றுவதுமாகவே வருடம் போய்விடும். அந்த வியப்புக்கு அதில் தீனி குறைவு.

கட்டங்களின் மாதிரி

இப்போது நாலாவது. ஜோன் கொன்வேயின் 'கேம் ஒஃப் லைஃப்' 1970 இல் வெளியானது. சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றும் உயிரோடு அல்லது உயிரில்லாமல் இருக்கும். உயிருள்ள கட்டத்துக்குச் சுற்றியுள்ள எட்டில் இரண்டோ மூன்றோ உயிரோடு இருந்தால் அது பிழைக்கும். உயிரில்லாத கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அது உயிர் பெறும். மற்றபடி இல்லை. இவ்வளவு சின்ன விதியிலிருந்து நகரும் உருவங்களும் துடிக்கும் உருவங்களும், கடைசியில் ஒரு முழுக் கணினியுமே பிறக்கின்றன. சிக்கலான அமைப்புகள் பற்றிய படிப்பின் மையம் இங்கே இருக்கிறது: பக்கத்து வீட்டை மட்டும் பார்த்து நடக்கிற சின்னச் சின்னப் பகுதிகள் சேர்ந்து, எவரும் திட்டமிடாத பெரிய ஒழுங்கை அல்லது பெரிய அழிவை உண்டாக்குவது.

மலையகத்தின் வரலாறே இப்படியொரு பரவலால் திரும்பியதுதான். 1869 இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளில் துரு நோயின் செம்மஞ்சள் தூள் தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து போன இலை மாதிரியைப் பார்த்து, இங்கிலாந்தில் அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1880 இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட், மலை மலையாக ஒரே பயிரை இடைவெளியில்லாமல் நட்டதே பரவலுக்கு வழிவிட்டது என்று எடுத்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்குள் கோப்பித் தோட்டங்கள் ஏறக்குறைய முடிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு வந்த நம் முன்னோர்களின் பிள்ளைகள் தேயிலைக்காரர் ஆனார்கள்.

இதை இன்று இரவே லப்டொப்பில் தொட்டுப் பார்க்கலாம். 100 க்கு 100 கட்டம் எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறிப்பிட்ட வாய்ப்போடு கோப்பிச் செடி வையுங்கள். இடது ஓரத்துச் செடிகளுக்கெல்லாம் துரு பிடிக்கட்டும், மேல் கீழ் இடம் வலம் என்று தொட்டிருக்கிற செடிக்கு மட்டும் பரவட்டும். 55 வீதம் நட்டால் நோய் பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடும். 65 வீதம் நட்டால் அநேகமாக ஒவ்வொரு தடவையும் வலது ஓரத்தைத் தொட்டுவிடும். இடையில் ஏறக்குறைய 59.3 வீதத்தில் நிலைமை திடீரென்று மாறுகிறது. நூற்றுக்குப் பத்துச் செடி கூடினால் நோயும் அதே அளவு கூடும் என்ற நம் உள்ளுணர்வு அந்த இடத்தில் உடைந்துபோகும். நிஜத் தோட்டத்தில் காற்று வித்தியை (பங்கசு பரவ உதவும் விதை போன்ற நுண்துகள்) தூரத்துக்குக் கொண்டுபோகும் என்பதால் இந்த எண் அப்படியே பொருந்தாது. திடீர் மாற்றம் ஒன்று இருக்கக்கூடும் என்று தேடத் தூண்டுவதே இதன் பெறுமதி.

ஆய்வுக்கு நான் சொல்வது தேயிலையின் கொப்புள நோய். 1946 இல் இலங்கைக்கு வந்தது. இந்தப் பங்கசு இளம் இலையைத்தான் தாக்கும், ஈரம் வேண்டும், வித்தியிலிருந்து அடுத்த வித்தி வரை பொதுவாக மூன்று நாலு கிழமை எடுக்கும். இங்கேதான் எங்கள் வாழ்க்கை உள்ளே வருகிறது. கொழுந்து எடுக்கும்போது நோய் பிடித்த இளம் இலையில் ஒரு பகுதியும் சேர்ந்து கூடைக்குப் போகிறது. அதாவது ஏழு நாளைக்கொரு சுற்று கொழுந்து எடுப்பது வருமானம் மட்டுமில்லை, நோயின் சுழற்சியில் குறுக்கே விழுகிற ஒரு வெட்டும்கூட. ஆள் பற்றாமல் அந்தச் சுற்று பத்து நாளாக, பன்னிரண்டு நாளாக நீண்டால்? நோய் கொஞ்சம் கூடுமா, அல்லது ஏதோ ஒரு நாளில் கட்டுமீறிப் பாயுமா? வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே போகிற தோட்டங்களுக்கு இது நிஜமான கேள்வி. ஒரு கட்டத்தைச் சில தேயிலைச் செடிகளாக வைத்து, கொழுந்து இல்லை, நல்ல கொழுந்து, நோய் பிடித்தது, வித்தி விடுகிறது என்று நாலு நிலை கொடுத்தால் போதும். மழை நாள், காற்றுத் திசை, சுற்றின் நீளம் மூன்றும் வெளியிலிருந்து வரும்.

எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்ற கேள்விதான் இதில் கடினம். மாதிரியில் திருகுகள் (நாமே கூட்டிக் குறைக்கக்கூடிய எண்கள்) அதிகம், திருகித் திருகி எந்த வரைபையும் வரவழைக்கலாம், இது இந்த வகை ஆய்வின் உண்மையான பலவீனம். தப்பிக்க ஒரு வழி உண்டு. கவ்வாத்து வெட்டி மீண்டு தளிர்க்கிற மலையில் கொப்புள நோய் கடுமையாகத் தாக்கும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இதை மாதிரிக்குள் விதியாக எழுதாதீர்கள். கவ்வாத்து மலையில் தளிர் நிறைய, கொழுந்து எடுப்பது இல்லை என்ற இரண்டை மட்டும் கொடுங்கள். நோய் அங்கே தானாகக் கூடினால் மாதிரி ஒரு சோதனையில் தேறியது. கூடாவிட்டால் எங்கோ தவறு. இப்படி நாம் எழுதாத, வெளியில் காணக்கூடிய இரண்டு மூன்று கோலங்களை முன்கூட்டியே குறித்து வைத்துச் சோதித்தால், "திருகினாயா?" என்று பரீட்சகர் கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

மண்சரிவை எடுக்கலாமா என்றும் அவள் கேட்டாள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாத ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஆசை இயல்பானது. பாக், டாங், வீசன்ஃபெல்ட் மூவரும் 1987 இல் தந்த, மணல் சேரச் சேரக் குவியல் சரிவதைக் கட்டங்களில் பார்க்கிற மணற்குவியல் மாதிரியும் கையருகே இருக்கிறது. ஆனால் எந்தச் சரிவு எப்போது விழும் என்று சொல்ல முயலவேண்டாம் என்பேன். மணற்குவியல் மாதிரி சரிவுகளின் அளவுப் பரம்பலைப் பற்றிப் பேசுகிறது. குறிப்பிட்ட ஒரு மலையின் மண்ணை, நீரை, பாறையை அது அறியாது. அந்த வேலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவிச்சரிதவியலாளர்களுடையது. பிழையான எச்சரிக்கையின் விலை உயிர்.

அதே துயரத்தில் கணினி மாணவருக்கு உரிய வேறொரு கேள்வி உண்டு. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை எப்போது மனிதர்களை நகர்த்துகிறது? மார்க் கிரனோவெட்டர் 1978 இல் ஓர் எளிய மாதிரி தந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு எண், அத்தனை பேர் செய்த பிறகுதான் தானும் செய்வார். பன்னிரண்டு வீட்டு லயம் ஒன்றை எடுங்கள். ஒரு குடும்பம் எவரையும் பார்க்காமல் புறப்படும், அடுத்தது ஒரு வீடு போனால் போகும், அதற்கடுத்தது இரண்டு போனால், இப்படியே பதினொன்று வரை. பன்னிரண்டும் வெளியேறிவிடும். இப்போது இரண்டாவது குடும்பத்தின் எண்ணை ஒன்றிலிருந்து இரண்டாக மாற்றுங்கள். முதல் வீடு மட்டும் போகும், பதினொரு வீடு அப்படியே இருக்கும். சராசரியாகப் பார்த்தால் இரண்டு லயமும் ஏறக்குறைய ஒன்று, விளைவு தலைகீழ். தங்கப் போகிற இடம், ஆடு மாடு, நகை, படுத்திருக்கும் பாட்டி என்று அந்த எண்ணை உயர்த்துகிற காரணங்கள் நமக்குத் தெரியும். நேர்காணலுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், கேட்கிற விதத்தில் மிகுந்த பக்குவமும் வேண்டும். அந்தப் பக்குவம் உள்ளவருக்கு இது கொப்புள நோயைவிடப் பெரிய தலைப்பு.

அவளுக்குச் சொன்ன முடிவு

கொப்புள நோய் மாதிரியை எடு என்றேன். கேள்வி நம் மலையிலிருந்து பிறக்கிறது, லப்டொப் போதும், சோதிக்க வழி இருக்கிறது, அவளை இந்தத் துறைக்கு இழுத்த ஆசைக்கும் நேராக இருக்கிறது. மரபணு அல்கோரிதத்தையும் இழக்கத் தேவையில்லை. மாதிரியின் தெரியாத எண்களைக் களப் பதிவுக்குப் பொருத்துகிற கருவியாக இரண்டாம் பாகத்தில் அதைச் சேர்க்கலாம், எழுந்தமானத் தேடலோடு ஒப்பிட்டபடியே. முதலில் மாதிரி ஒழுங்காக ஓடவேண்டும், பொருத்துவது அதற்கப்புறம். வீட்டு நிலைமை காரணமாகப் படிப்பு முடிந்த உடனே வேலை கட்டாயம் என்கிற பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர் இலைப் படத்தை எடுத்து, இரண்டு தோட்டச் சோதனையை ஒழுங்காகச் செய்தால் அதுவும் மதிப்பான ஆய்வுதான். நேரசூசி, ஒரு பாடசாலை உண்மையிலேயே பயன்படுத்த ஒப்புக்கொண்டால் மட்டும். லொறிப் பாதையை நான் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை.

கருவியாக, இப்படியான மாதிரிகளை ஓட்டுகிற நெட்லோகோ என்ற மென்பொருளில் தொடங்குவது நல்லது. யூரி விலென்ஸ்கி 1999 இல் உருவாக்கியது, இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். காட்டுத்தீ மாதிரியும் எறும்பு மாதிரியும் அதனுள்ளேயே இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் படித்தாலே பாதி பிடிபடும். ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் தேவைப்படும்போது பைதன் நிரல்மொழிக்கு மாறிக்கொள்ளலாம்.

தோட்டத்து ஒபிஸில் கேட்கவேண்டியவை மூன்று: மலைவாரியாக மருந்தடித்த திகதிகள், கவ்வாத்து வெட்டிய திகதிகள், நாளாந்த மழைப் பதிவு. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்று கணக்கப்பிள்ளை ஐயாவிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டால் கிடைக்காது, துறைத் தலைவரின் கடிதத்தோடு துரையிடம் (தோட்ட முகாமையாளர்) போகவேண்டும். அப்பா அம்மா வேலை செய்கிற தோட்டமாக இருந்தால் அவர்களை இடையில் விடாமல் பல்கலைக்கழகம் மூலமாகவே கேட்பது எல்லோருக்கும் நிம்மதி. லிந்துலை, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் பிடிக்கும், கடிதம் ஏப்ரலுக்குள் போனால் நோய்க் காலம் முழுவதையும் களத்தில் பார்த்துக் குறிக்கலாம். ஊவாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வடகீழ்ப் பருவமழைதான் கணக்கு, அவர்களுக்கு ஒக்டோபர் வரை நேரம் இருக்கிறது.